எத்தனையாவது இடம் என்று சொல்லுங்கள்

பட்டம் வாங்கி வேலை கிடைக்காமல் நிற்கிற சேரிப் பிள்ளைகளுக்கு இராமநாதபுரம் மாவட்டமே ஒரு கதையை வைத்திருக்கிறது. ‘நம்ம ராமேஸ்வரம் கலாமைப் பாருப்பா. அவரையே வேணாம்னு அனுப்பினவங்கதான். தோல்வியிலேர்ந்து கத்துக்கிட்டாரு, ஜனாதிபதி ஆனாரு.’ பயிற்சி மையத்துச் சுவரிலும் இதுதான், பட்டமளிப்பு மேடையிலும் இதுதான்.

சரி தோழர்களே, அந்தத் தோல்வியைத்தான் பார்ப்போமே. 1950களின் பிற்பகுதி. விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் போகிறார் கலாம். வந்திருந்தது 25 பேர், எடுத்தது எட்டுப் பேர், இவர் ஒன்பதாவது. மனமொடிந்து ரிஷிகேஷ் போய் சிவானந்தரைப் பார்த்து ஆறுதல் பெற்றதையும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே சொல்கிறார். மேடைக்காரர்கள் ரிஷிகேஷைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த ஒன்பதுதான் முக்கியம். தான் எத்தனையாவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவில் தவறினோம் என்று தெரிந்தவன் கற்றுக்கொள்ளலாம். எங்களுக்கு எந்த நம்பரைச் சொன்னீர்கள்?

படிப்பு முடித்த புதிதில் நான் ஏறி இறங்கிய தனியார் அலுவலகம் ஒன்றில் (பெயர் எதற்கு, எல்லாம் ஒரே குட்டைதான்) கேட்ட முதல் கேள்வி, ‘எந்தூருப்பா?’ சொன்னேன். ‘ஊருக்குள்ளயா, வெளியவா?’ அவ்வளவுதான் நேர்காணல். ‘சொல்லி அனுப்புறோம்’ என்றார்கள். இதிலிருந்து நான் எதைக் கற்பது? இங்கிலீஷா? டை கட்டுவதா? பிறந்த தெருவை மாற்றிக்கொள்வதா?

ஒருத்தன் புலம்பல் என்று தள்ளுகிறவர்களுக்குக் கணக்குச் சொல்கிறேன். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. தனியார் துறையின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே மாதிரித் தகுதி, பெயர் மட்டும் வேறு வேறு. அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், ஆதிக்க சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. கலாம் கதை சொல்கிறவர்கள் இந்தக் கடைசி எண்ணையும் சேர்த்தே சொல்லட்டும். போனது காகிதம்தான், ஆள் போகவேயில்லை. அப்புறம் யாருடைய ‘ஆளுமை வளர்ச்சி’யில் குறை?

கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர் பிழைப்புக்காகப் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். இன்னார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். அவருக்கு எந்தத் திறன் பத்தவில்லை?

அரசுத் துறை மட்டும் யோக்கியமா? ‘தகுதியானவர் எவருமில்லை’ என்று ஒரு வரி எழுதி ஒதுக்கீட்டு இடத்தைக் காலியாகவே விடுகிற தந்திரத்தை, 2022இல் எய்ம்ஸ் பற்றிய அறிக்கையில் நாடாளுமன்றக் குழுவே சாடியது. நேர்காணல் என்கிற அந்த மூடிய அறையை மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளில் 2016 ஜனவரி முதல் எடுத்துவிட்டார்கள். நான் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் நாற்காலிக்கும் இன்று நேர்காணல் கிடையாது. மேலே போகப் போக அறை அப்படியே மூடித்தான் இருக்கிறது.

கலாமின் அதே புத்தகத்தில் இன்னொரு சம்பவமும் உண்டு. எந்தச் சுவரிலும் அதை நான் பார்த்ததில்லை. குருக்கள் மகன் பக்கத்தில் முஸ்லிம் பையன் உட்காருவது பொறுக்காத வாத்தியார் ஒருவர், கலாமைப் பின்பெஞ்சுக்கு விரட்டினார். அந்த மகனின் தந்தை லட்சுமண சாஸ்திரி வாத்தியாரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். கோயிலின் தலைமைக் குருக்களே கேட்டதால் வாத்தியார் திருந்தினார். சேரிப் பிள்ளையைப் பின்னால் தள்ளினால் எந்தக் குருக்கள் வந்து கேட்கப்போகிறார்? நாமதான் கேட்கணும்.

தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கலாம் என்று 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு தாள், பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. என் மதிப்பெண் எவ்வளவு? கடைசியாக எடுக்கப்பட்டவருக்கு எவ்வளவு? இனச்சுழற்சியில் எங்கள் இடங்கள் எவை, அவற்றில் நிரப்பாமல் கிடப்பவை எத்தனை, ஏன்? தனியாரிடம் இந்தச் சட்டம் செல்லாது. இடஒதுக்கீடும் அங்கே கிடையாது. அது தெருவில் இறங்கிப் பேசவேண்டிய கதை, தனியே எழுதுகிறேன்.

பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை விடுதித் தோழர்கள் வந்த கடிதங்களை எடுத்து வையுங்கள். கடிதமே வராதவர்கள் விண்ணப்பித்த தேதியை எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மனு எழுத நான் வருகிறேன். வாரம் முழுக்கப் படிவம் நிரப்புகிற கைதானே.