ஆயிரத்தில் எத்தனை?

வடசேரிச் சந்தையில் ஒரு கிலோ சாளை வாங்குகிறவர் என்னென்ன செய்வார்? செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்ப்பார். கண் குழி விழுந்திருக்கிறதா என்று நோக்குவார். வயிற்றை அமுக்குவார். 'இன்னைக்குள்ளதா, நேத்தைக்குள்ளதா?' என்று விசாரிப்பார். ஏத்தன்குலைக்கும் தேங்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் இதே விசாரணைதான். பெண் கொடுப்பதென்றால் மூன்று தலைமுறையைத் தோண்டாமல் விடமாட்டோம்.

அதே மனிதர், சேமித்த பணத்தை எண்ணி வைத்து, மயக்க ஊசியும் போட்டுக்கொண்டு கத்திக்குக் கீழே படுக்கும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. 'டாக்டர், இந்த ஆபரேஷனைப் போன வருஷம் எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? அதில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது? எத்தனை பேரை மறுபடியும் திறக்க வேண்டி வந்தது?' மூன்றே மூன்று கேள்விகள். கேட்டவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

நெஞ்சடைத்து விழுந்தவனையும் பைக்கில் அடிபட்டவனையும் நான் சொல்லவில்லை. அவர்களுக்கு நேரமும் இல்லை, தேர்வும் இல்லை. நான் சொல்வது நாள் குறித்துச் செய்துகொள்ளும் அறுவைகளை. கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை, மூட்டு மாற்று. ராகு காலம் பார்க்கிறோம், எமகண்டம் பார்க்கிறோம், மகன் துபாயிலிருந்து லீவில் வரும் தேதி பார்க்கிறோம். அறுக்கப்போகிறவரின் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை.

கேட்டால்தான் என்ன பதில் கிடைக்கும்? 'நம்பிக்கை இல்லேன்னா வேற இடம் பாத்துக்கிடுங்க.' விஷயம் முடிந்தது. ஏதோ அவர் குலத்தையே சந்தேகப்பட்டுவிட்ட மாதிரி.

முன்பு இந்தக் கணக்கு வேறு விதமாக இருந்தது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838-இல் தொடங்கியது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர், அங்கே தங்கி இரண்டு தலைமுறைக்குக் கத்தி பிடித்தார். அன்றைய திருவிதாங்கூரில் குடல்புண் என்பது வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. அந்த அறுவையில் அவர் பேர் பெற்றவர். வயிறு அறுத்துக்கொண்டு வந்தவன் மறு பூவுக்கு வயலில் இறங்கினானா, இல்லை திண்ணையோடு கிடந்தானா என்பதை ஊரே பார்த்தது. டாக்டரும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. வாய்மொழிதான் கணக்குப் புத்தகம்.

இன்று? சனிக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒருவர் காரில் வந்து இறங்குவார். வரிசையாக நாலைந்து பேருக்குச் செய்துவிட்டு ராத்திரியே திரும்பிவிடுவார். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் கண்டால் பார்க்கிறவர் வேறொருவர். சீழ் பிடித்தவர் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், அறுத்தவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அவர் கணக்கில் அதுவும் வெற்றிதான்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று நெஞ்சு நிமிர்த்திய மாவட்டம் இது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தால் மாவட்டவாரியாக, பள்ளிவாரியாக, பாடவாரியாகப் புள்ளிவிவரம் வருகிறது. கணக்கில் தேர்ச்சி குறைந்தால் கணக்கு வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு அதிகாரி முன்னால் நிற்கவேண்டும். பையனுக்குக் கணக்கு வரவில்லை என்றால் அடுத்த ஜூனில் மறுபடி எழுதலாம். கண் போனால் எந்த ஜூனில் எழுதுவது? வாத்தியாருக்கு உள்ள கணக்கு டாக்டருக்கு ஏன் இல்லை?

உலகத்தில் இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர், ஒவ்வொரு நோயாளியும் பின்னால் என்ன ஆனார் என்று எழுதிவைத்து வெளியிட வேண்டும் என்றார். சக மருத்துவர்களுக்குக் கசந்தது. 1914-இல் பாஸ்டனின் பெரிய மருத்துவமனையை விட்டு வெளியேறினார். தன் சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுப் போனவர்கள் 337 பேர், நேர்ந்த பிழைகள் 123 என்று அச்சடித்தே கொடுத்தார். அப்படியொரு மனிதர்!

நியூயார்க் மாநிலம் 1989 முதல் இதய பைபாஸ் அறுவையின் மரணங்களை எண்ணத் தொடங்கியது. மருத்துவர் பெயரோடு வெளியிட மறுத்தபோது ஒரு பத்திரிகை கோர்ட்டுக்குப் போய் 1991-இல் வாங்கிவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. 1989-இல் 3.52 சதவீதமாக இருந்த மரணம் 1992-இல் 2.78 ஆயிற்று. 2015-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், முதியோர் காப்பீட்டுக் கணக்கை வைத்தே 8 வகை அறுவைகளில் ஏறத்தாழ 17,000 மருத்துவர்களின் சிக்கல் விகிதத்தைப் போட்டுடைத்தது. ஒரே ஆஸ்பத்திரியின் ஒரே மாடியில், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கக்கூடும் என்று அப்போது வெளிச்சமாயிற்று.

மருத்துவர்களின் பதிலையும் கேட்கத்தான் வேண்டும். அதில் நியாயம் உண்டு. எண்பது வயதுச் சர்க்கரை நோயாளியை அறுக்கிறவரையும் முப்பது வயது ஆரோக்கியசாலியை அறுக்கிறவரையும் ஒரே தராசில் போடலாமா? வருஷத்துக்கு இருபது ஆபரேஷன் செய்கிறவருக்கு ஒன்று கெட்டாலே ஐந்து சதவீதம். அது திறமைக் குறைவா, கெட்ட நேரமா? கணக்கு வந்தால் சிக்கலான நோயாளியை யாரும் தொடமாட்டார்களே? நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட, ஒன்பதாம் வகுப்பிலேயே மக்குப் பையனுக்கு டி.சி. கொடுக்கிற பள்ளிக்கூடங்களைப் பார்த்தவர்கள்தானே நாம். போதாக்குறைக்கு, நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து பார்ப்பவர் என மருத்துவத்தை நான்காகப் பிரித்துவைத்தவர் வள்ளுவர். மயக்க மருந்து கொடுத்தவர், கருவிகளை அவித்தவர், கட்டுப் பிரித்த நர்ஸ் எல்லோரும் சேர்ந்ததுதான் விளைவு.

சரிதான். ஆனால் இதெல்லாம் கணக்கைச் சரியாகப் போடுவதற்கான காரணங்கள். கணக்கே வேண்டாம் என்பதற்கான காரணங்கள் அல்ல. வயதையும் சர்க்கரையையும் கழித்துக் கணக்கிடும் முறை வந்து எத்தனையோ வருஷங்கள் ஆயிற்று. ஒரு வருஷம் போதாதென்றால் ஐந்து வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள். தனி ஆள் வேண்டாமென்றால் ஆஸ்பத்திரியின் பேரிலாவது போடுங்கள்.

வெளிநாட்டுச் சங்கதி நமக்கு ஒத்துவராது என்பார்கள். மதுரையில் 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் மருத்துவர் ஒவ்வொருவரின் கண்புரைச் சிக்கல்களையும் எண்ணிப் பார்க்கிறது, பிரிட்டனின் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. அதன் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குத்தான் நம்மூர்க் கிழடுகட்டைகளும் பஸ் ஏறுகிறார்கள். ஆக, இங்கே முடியாதது ஒன்றுமில்லை. மனசுதான் வேண்டும்.

எண்ணாவிட்டால் என்ன ஆகும்? 2008-இல் விழுப்புரம் மாவட்டத்து ஏழைகள் 66 பேர் ஒரு கண்புரை முகாமில் பார்வை இழந்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தார். 13 பேர் இறந்தார்கள். மருந்தா, கிருமியா என்ற வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அதே ஆண்டு ஜனவரியில் அந்த மருத்துவருக்கு அரசு விருது கொடுத்திருந்தது. எதற்கு? 50,000 அறுவை செய்ததற்கு! எத்தனை பேரை அறுத்தார் என்று எண்ணத் தெரிந்த அரசுக்கு, எத்தனை பேர் நலமாக வீடு போனார்கள் என்று எண்ணத் தெரியவில்லை.

நம் மாநிலத்தின் கதையும் அதுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8. அறுத்ததற்குக் கணக்கு உண்டு. அறுத்த இடம் எந்த ஆஸ்பத்திரியில் ஆறியது, எந்த ஆஸ்பத்திரியில் அழுகியது? அதைத்தானே பிள்ளைத்தாய்ச்சி வீட்டார் கேட்கவேண்டும்?

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்கிறோம். வேரைக் கண்டவன் என்பதுதான் பேரைக் கொன்றவன் ஆயிற்று என்று பண்டிதர்கள் திருத்துவார்கள். வேரோ பேரோ, ஆயிரத்தில் எத்தனை என்று சொல்லும், ஐயா!

அரசு இதற்கென்று புதிதாய் ஒரு துறை தொடங்க வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு அறுவையும் ஏற்கனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது. யார், எங்கே, என்ன அறுவை, எவ்வளவு பணம். கூடவே முப்பது நாளுக்குள் மறுபடி சேர்த்தார்களா என்று ஒரு கட்டம் போட்டு, ஐந்தே ஐந்து அறுவைகளுக்கு மட்டும், நோயாளி பெயர் இல்லாமல் ஆண்டுக்கொருமுறை வெளியிடட்டும். நம் வரிப்பணம், நமக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது.

அதுவரை, அந்த மூன்று கேள்விகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால் மகளை அனுப்புங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கவும் கூடும். கோபப்படுகிறவரிடம் எதற்கு வயிற்றைக் கொடுப்பது? செவுளைத் தூக்கிக் காட்டாத கடையில் நாம் மீன் வாங்குவதில்லையே!