வளைக்குள்ளே பட்டினி, வெளியே வலை: நார்வே லாப்ஸ்டரின் குளிர்காலம் சொல்லும் பாடம் என்ன?

'எலி வளையானாலும் தனி வளை' என்ற பழமொழி கடலடியிலும் செல்லுபடியாகும். ஐரோப்பாவின் வடமேற்குக் கடல்களில், சேற்றுத் தரையில் தனக்கென ஒரு வளை தோண்டி வாழும் உயிரினம் நார்வே லாப்ஸ்டர். உணவகங்களில் இதை லாங்குஸ்டீன், ஸ்காம்பி என்பார்கள். நம்ம ஊர் சிங்கி இறாலைப் பார்த்தவர்கள் இதைப் பார்த்தால் குழம்பிப்போவார்கள். உடம்பு ஒரு சாண்தான் இருக்கும். ஆரஞ்சு நிறம், முன்னால் நீளமான ஒல்லி இடுக்கிகள்.

ஸ்காட்லாந்து மீனவர்களுக்கு இது முக்கியமான வருமானம். ஆனால் வருஷத்தில் பல மாதங்கள் இந்த இனத்தின் பெண்கள் வலையில் அதிகம் சிக்குவதில்லை. அவர்கள் எங்கே போகிறார்கள்? என்ன சாப்பிடுகிறார்கள்? இதற்கான பதிலில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது.

வளையை விட்டு எப்போது வெளியே வரும்?

சுமார் 20 மீட்டரில் இருந்து 800 மீட்டர் ஆழம் வரை இவை வாழ்கின்றன. எப்போது இரை தேடுவது என்பதை வெளிச்சம் தீர்மானிக்கிறது. ஆழம் குறைந்த இடங்களில் ராத்திரி வெளியே வரும். நடுத்தர ஆழத்தில் விடியலிலும் அந்தியிலும் வரும். ரொம்ப ஆழத்தில் பகலில் வரும். வந்தால் கிடைத்ததைச் சாப்பிடும்: புழுக்கள், சிப்பி வகைகள், சின்ன நண்டுகள், செத்த மீன், படகிலிருந்து வீசப்படும் கழிவு மீன்.

பெண்களுக்கு மட்டும் ஏன் வேறு காலண்டர்?

ஸ்காட்லாந்து கடல்களில் கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் சமயத்தில் பெண்கள் முட்டையிடுகின்றன. முட்டைகளை வயிற்றுக்கு அடியில் ஒட்டிச் சுமந்தபடி வளைக்குள் போய்விடும். குஞ்சு பொரிய அடுத்த வசந்தமோ கோடையின் தொடக்கமோ ஆகிவிடும். அதாவது எட்டு, ஒன்பது மாதம். காட் போன்ற மீன்களின் வாயிலிருந்து தப்ப இதுதான் பாதுகாப்பான வழி. அதனால்தான் குளிர்காலத்தில் பிடிபடுவதில் ஆண்களே அதிகம்.

அத்தனை மாதமும் பட்டினியா?

முழுப் பட்டினி என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணிய துகள்களை வடிகட்டிச் சாப்பிடும் திறன் இதற்கு உண்டு என்று 1993-லேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வளை வாசலில் கிடைப்பதையும் பொறுக்கிக்கொள்ளலாம். ஆனாலும் அது ஒரு முழுச் சாப்பாடு ஆகாது.

மீதியை உடம்பின் சேமிப்பு ஈடுகட்டுகிறது. நம் கல்லீரல் மாதிரி வேலை செய்யும் ஒரு செரிமானச் சுரப்பியில் இது கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. சாப்பாடு இல்லாத நாட்களில் முதலில் கரைவது அந்தக் கொழுப்பு. பட்டினி நீண்டால் வால் சதையின் புரதமும் குறைந்து, அந்த இடத்தில் தண்ணீர் ஏறும். வெளியே ஓடு அப்படியே இருப்பதால் பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. உள்ளே ஆள் இளைத்திருப்பார்!

இதில் பிளாஸ்டிக் எங்கே வந்தது?

ஸ்காட்லாந்தின் கிளைடு கடற்பகுதியில் பிடித்த லாப்ஸ்டர்களின் வயிற்றை ஆய்வாளர்கள் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். 83 சதவீதத்தின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. பலவற்றில் இழைகள் பந்து மாதிரி சுருண்டு கிடந்தன. கயிற்று இழை வைத்த மீனை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது, இழை உள்ளே போனது, வெளியே வரவில்லை.

இதன் வயிற்றுக்குள் உணவை அரைக்கும் பற்கள் போன்ற அமைப்பு உண்டு. இழைகள் அங்கே மாட்டிக்கொள்கின்றன. வெளியேற முக்கியமான வழி ஒன்றுதான்: ஓடு கழற்றும்போது வயிற்றின் உள்படலமும் சேர்ந்து கழன்றுவிடும். ஆனால் முட்டை சுமக்கும் பெண், குஞ்சு பொரியும் வரை ஓடு கழற்றுவதில்லை. பெண்களிடம் பிளாஸ்டிக் அதிகம் இருந்ததும், சமீபத்தில் ஓடு கழற்றியவற்றிடம் குறைவாக இருந்ததும் பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

2016-ல் வெளியான இன்னொரு ஆய்வு எட்டு மாதம் நீண்டது. பிளாஸ்டிக் கலந்த உணவு கொடுக்கப்பட்டவை குறைவாகச் சாப்பிட்டன, எடை இழந்தன, சேமித்த கொழுப்பும் குறைந்தது. வயிறு நிறைந்திருக்கிறது, உடம்போ வாடுகிறது.

அப்போ என்ன செய்யணும்?

முதல் விஷயம், பிடிபட்ட கணக்கை மட்டும் வைத்து இருப்பை எடைபோடக் கூடாது. வலையிலும் கூண்டிலும் சிக்குவது, பசித்து வெளியே வந்தவைதான். உள்ளே இருப்பவை கணக்கிலேயே வராது. ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் நடுவில் உள்ள கட்டேகாட் கடலில் 1980-களில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தது. மூச்சு முட்டி லாப்ஸ்டர்கள் வளையை விட்டு வந்தன, பிடிப்பு கூடியது. பிறகு சரிந்தது. நிறைய கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்ட சமயம், உண்மையில் ஆபத்து மணி அடித்த சமயம். இப்போது கடலடியில் கேமராவை இழுத்துச் சென்று வளைகளை எண்ணி இருப்பை மதிப்பிடுகிறார்கள். இது சரியான வழி. இதற்கான செலவில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆனால் வளையை எண்ணினால் உள்ளே இருப்பது ஆரோக்கியமாக இருக்கிறதா என்று தெரியாது. அதனால் பருவம்தோறும் உடல்நிலையையும், குறிப்பாகப் பெண்களின் கொழுப்புச் சேமிப்பையும் சோதிப்பது வழக்கமாக வேண்டும்.

அடுத்தது கயிறு. கடலுக்குள் போகும் பிளாஸ்டிக் எல்லாமே மீன்பிடியால் வருவதில்லை, துணியிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வருகிறது. அதற்காக மீன்பிடித் தொழில் தன் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது. நைந்த கயிறையும் வலையையும் துறைமுகத்திலேயே இலவசமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், கடலில் விடுவதற்குக் காரணமே இருக்காது. இந்தச் செலவை மீனவர் தலையில் மட்டும் கட்டாமல், கயிறு தயாரிப்பவர்களும் ஏற்க வேண்டும்.

இயற்கை அந்தத் தாய்க்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது: கோடையில் சாப்பிடு, குளிரில் தாங்கு. கோடையில் அவள் வயிற்றில் சேர்வது உணவா, கயிறா என்பது நம் கையில் இருக்கிறது.