இலக்குக்கு ஆண், பெண் தெரியாது

“பெண்கள் இன்று எல்லாத் துறைகளிலும் முன்னேறிவிட்டார்கள்” என்ற வசனத்தைப் பரீட்சை விடைத்தாளில் எழுதாத மாணவர் அரிது. வசனம் தவறல்ல. ஆனால், முன்னேறிய ஒரு பெண்ணுக்கு அதன் பின்னர் என்ன நடந்தது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. சீனத் துப்பாக்கிச் சுடுதல் வீராங்கனை ஜாங் ஷானின் விளையாட்டு வாழ்க்கை அக்கேள்விக்கு ஒரு பதிலைத் தருகிறது.

1968ஆம் ஆண்டு சிச்சுவான் மாகாணத்தில் பிறந்த ஜாங் ஷான் பங்குபற்றிய போட்டியின் பெயர் ‘ஸ்கீற்’. அரைவட்டத் திடலொன்றின் இரு பக்கங்களிலும் இரண்டு கூடுகள் இருக்கும். அவற்றிலிருந்து ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டுகள் காற்றில் வீசப்படும். ‘களிமண் தட்டு’ என்பது அவற்றின் பழைய பெயர். போட்டியாளர் எட்டு நிலைகளில் மாறி மாறி நின்று அவற்றைச் சுட வேண்டும். குரல் கொடுத்தவுடன் தட்டு வரலாம். மூன்று செக்கன் கழித்தும் வரலாம். தட்டு கண்ணிற் படும்வரை துப்பாக்கியை இடுப்பளவிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். இங்கே வெற்றியைத் தீர்மானிப்பவை கூரிய பார்வை, விரைந்து இயங்கும் கை, கலங்காத மனம் ஆகியவையே.

1968 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இப்போட்டி, 1992 வரை ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவானதாக இருந்தது. 1992இல் பார்சிலோனாவில் 24 வயது ஜாங் ஷான், இறுதிச் சுற்றுக்கு முந்திய 200 தட்டுகளில் ஒன்றையேனும் தவறவிடவில்லை. இறுதிச் சுற்றில் 23 தட்டுகளை வீழ்த்தி, மொத்தம் 225இல் 223 புள்ளிகள் பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார். அடுத்து வந்த பெரு, இத்தாலி நாட்டு வீரர்கள் இருவரும் பெற்றவை தலா 222. ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் போட்டியிட்ட ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் தங்கம் வென்ற முதற் பெண் அவரே.

அடுத்த ஒலிம்பிக் 1996இல் அட்லாண்டாவில் நடைபெற்றது. அங்கே ஸ்கீற் ஆண்களுக்கு மட்டும் உரியதாயிற்று. பெண்களுக்கெனத் தனி ஸ்கீற் போட்டியும் இருக்கவில்லை. ஒரே நேரத்தில் இரு தட்டுகள் வீசப்படும் வேறொரு போட்டி பெண்களுக்காகச் சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆனால் நடப்புச் சம்பியனான ஜாங் ஷான், தாம் வென்ற போட்டியில் மீண்டும் நிற்க வழியில்லை. தோற்று வெளியேறுவது விளையாட்டு. வென்றவர் வெளியே நிற்க நேர்வதை என்னவென்று சொல்வது?

பெண்களுக்கான ஸ்கீற் 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் அறிமுகமானது. எட்டு ஆண்டுகள் காத்திருந்த ஜாங் ஷான், தமது 32ஆவது வயதில் அங்கே போட்டியிட்டார், பதக்கம் கிடைக்கவில்லை. வீராங்கனை ஒருவரின் வாழ்வில் எட்டு ஆண்டுகள் சிறிய காலமல்ல.

தனிப் போட்டி வைத்தால் அதிகப் பெண்கள் பங்குபற்றலாம் என்று சிலர் வாதிடுவர். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. பொதுப் போட்டிகள் நடந்த காலத்தில் நாடுகள் தமது சில இடங்களைப் பெரும்பாலும் ஆண்களுக்கே கொடுத்தன. தனிப் போட்டி வந்ததால்தான் அமெரிக்காவின் கிம் றோடி போன்றோர் 1996 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்குகளில் பதக்கம் பெற முடிந்தது. ஆனால் புதிய கதவைத் திறப்பதற்கு முன்னரே பழைய கதவை மூடியதை இவ்வாதம் நியாயப்படுத்தாது.

தனிப் போட்டியிலும் சமத்துவம் உடனே வந்துவிடவில்லை. தகுதிச் சுற்றில் ஆண்களுக்கு 125 தட்டுகளும் பெண்களுக்கு 75 தட்டுகளும் என்ற நிலை நீண்ட காலம் நீடித்தது. 200 தட்டுகளையும் வீழ்த்திய ஒரு பெண் வாழும் உலகில், பெண்களுக்கு 75 போதும் என்று கருதினார்கள்! 2018 முதலே இருபாலாருக்கும் 125 என்றானது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து தலா 75 தட்டுகளைச் சுடும் கலப்பு அணி ஸ்கீற் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது.

போட்டியாளர்களின் மனமோ விதிகளுக்கு முன்னரே மாறியிருந்தது. 1976இல் மொன்றியலில், றைபிள் சுடுதலில் அமெரிக்கர்களான லானி பாஷமும் மார்கரெட் மேர்டொக்கும் சம புள்ளிகள் பெற்றனர். விதிப்படி தங்கம் பாஷமுக்குச் சென்றது. அவரோ, வெள்ளி பெற்ற அப்பெண்ணையும் தம்மோடு உச்சப் படியில் ஏற்றி நிறுத்தினார்.

எனது கருத்து இதுதான். உடல் வலிமை வெற்றியைத் தீர்மானிக்கும் விளையாட்டுகளில் ஆண், பெண் பிரிவு நியாயமானது. பார்வையும் நிதானமும் தீர்மானிக்கும் இடத்தில், பிரிவு ஏன் தேவை என்பதைப் பிரிப்பவரே நிரூபிக்க வேண்டும். “என்னால் முடியும்” என்று 223 தட்டுகளால் நிரூபித்தவரிடம் மேலும் சான்று கேட்பது முறையல்ல.

எனவே மாணவர்களே, பெண் சமத்துவம் பற்றி எழுதும்போது சாதித்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். சாதித்தவருக்கு அடுத்த வாய்ப்பு கிடைத்ததா என்றும் கேளுங்கள். சமத்துவத்தை அளப்பதற்கு அக்கேள்வியே சரியான அளவுகோல்.