ஒரே துப்பாக்கி, இரண்டு சட்டம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குத் துப்பாக்கி மேல் காதல் கிடையாது. அமெரிக்காவில் ஆளாளுக்குச் சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு கடைக்குப் போவதை நான் சுதந்திரம் என்றும் நினைக்கவில்லை. என் சண்டை வேறு. வைத்திருப்பவர் யார் என்று பார்த்து, ஒரே துப்பாக்கியை உரிமை என்றும் குற்றம் என்றும் அங்கே சட்டம் மாற்றி மாற்றி அழைக்கிறதே, அதோடுதான்.

சாதாரண ஆளுக்கு மாநில எல்லை தாண்டினால் விதி மாறும். வெர்மான்ட்டில் மறைத்து எடுத்துப் போக லைசென்ஸ் எப்போதுமே தேவைப்பட்டதில்லை. டெக்சாஸ் 2021இல் அந்த வழிக்கு வந்தது, ஃபுளோரிடா 2023இல். 2024இல் இப்படி 29 மாநிலங்கள். நியூயார்க்கோ, ‘உனக்கு அப்படி என்ன தனித் தேவை?’ என்று நூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. 2022இல் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வி செல்லாது என்றது. ஆனால் லைசென்ஸ் இன்னும் வேண்டும். வெளிமாநில லைசென்ஸ் அங்கே வெறும் காகிதம்.

நியூஜெர்சியும் அப்படித்தான். 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளின் தாய், காரில் அங்கே போகிறார். போலீஸ் நிறுத்துகிறது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பென்சில்வேனியா லைசென்ஸும் இருக்கிறது என்று அவரே சொல்கிறார். கைது. பல வருஷச் சிறை என்ற பயத்தோடு வழக்கு இழுத்தது. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார்.

அதே சாலையில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் போயிருந்தால்? 2004இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம் அவரைக் காப்பாற்றியிருக்கும். பணியில் இருப்பவரும், பத்தாண்டு வேலை செய்து நல்ல பெயரோடு விலகியவரும் 50 மாநிலங்களிலும் மறைத்து எடுத்துப் போகலாம். அரசுக் கட்டடம், தனியார் இடம் என்று சில இடங்களில் மட்டும் மாநிலம் தடுக்கலாம்.

“அவங்க பயிற்சி பெற்றவங்க சார்” என்பார்கள். உண்மைதான். ஓய்வுபெற்றவர்கூட வருஷா வருஷம் சுட்டுக் காட்டித் தேற வேண்டும். சரி, பயிற்சிதான் அளவுகோல் என்றால் அதே தேர்வை அந்தப் பெண்ணுக்கும் வைக்கலாமே? 29 மாநிலங்களில் தேர்வே இல்லாமல் விடுவது எந்தக் கணக்கு? அப்போ சலுகை பேட்ஜுக்குத்தான். சும்மா பயிற்சி என்று பெயர் சொல்லிக்கொள்கிறார்கள்.

சொந்த மாநிலத்தில் லைசென்ஸ் இருந்தாலாவது நிம்மதியா? ஃபிலாண்டோ காஸ்டிலைக் கேட்க முடியாது. 2016 ஜூலை, மினசோட்டா. பள்ளி உணவகத்தில் வேலை பார்த்த கறுப்பினத்தவர், கையில் முறையான லைசென்ஸ். கேட்டால் காட்டினால் போதும் என்பதுதான் அங்கே சட்டம். அவர் கேட்பதற்கு முன்பே, மரியாதையாக, துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். சில நொடிகளில் ஏழு குண்டுகள். பின் சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. சுட்ட அதிகாரியை 2017இல் ஜூரி விடுதலை செய்தது.

உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அது யாருக்கு என்பதைக் கார் ஜன்னலோரம் நிற்கும் போலீஸ்காரர் அந்த நேரத்தில் முடிவு செய்கிறார். அவர் ஓய்வுபெற்ற பிறகும் அவரை யாரும் எந்த எல்லையிலும் அப்படிச் சந்தேகிக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். துப்பாக்கி ஆபத்து என்று நியூஜெர்சி நினைத்தால், ஓய்வுபெற்ற போலீஸ்காரரும் அதன் லைசென்ஸ் வரிசையில் நிற்கட்டும். ஆபத்தில்லை, உரிமைதான் என்றால், லைசென்ஸோடு வரும் வெளிமாநிலத் தாயைக் கைது செய்யாதீர்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், இருவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.