ஒரு பாக்கெட்கூட வாங்கினதில்ல சார்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகைக்குப் போயிருந்தேன். ஆவடி ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏரிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கத்தான் போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருடம் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். இப்போது பேசுவதில்லை. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியாகத்தான் மூச்சு. சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் காட்டுகிறார்.

அவர் வீட்டுக்குப் போகும் முன் தெருமுனைக் கடையில் டீ சொல்லிவிட்டு நின்றேன். பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருத்தன் ஐம்பது ரூபாய் நோட்டோடு ஓடி வந்தான்.

“அண்ணே, ரெண்டு குடுங்க.”

எது என்று கடைக்காரர் கேட்கவில்லை. மேலே அடுக்கியிருந்த பாக்கெட்டில் ஒன்றைத் திறந்து, இரண்டு சிகரெட்டை உருவி, பழைய பேப்பர் துண்டில் சுருட்டிக் கொடுத்தார். பையன் ஓடிவிட்டான். பாக்கெட் மறுபடியும் தன் இடத்துக்குப் போய்விட்டது. அதன் மேல் அழுகிப்போன வாயின் படம். அதைப் பார்க்க வேண்டிய ஆள் வீட்டில் இருக்கிறார். படம் கடையில் இருக்கிறது!

“சின்னப் பையன் கையில குடுக்கலாமாங்க?” என்று கேட்டேன்.

“அவனுக்கில்ல சார், அவங்கப்பாவுக்கு. தெரிஞ்ச பையன்தான்.”

“முழு பாக்கெட்டா யாராவது வாங்குவாங்களா?”

“சம்பள நாள்ல ஒண்ணு ரெண்டு பேரு. மத்ததெல்லாம் லூஸ்தான்.”

“நீங்க தம் அடிப்பீங்களா?”

சிரித்தார். “தினம் பூரா இந்தப் படத்தைப் பாத்துக்கிட்டு எவன் சார் அடிப்பான்?”

அந்தக் கடையில் எச்சரிக்கைப் படத்தை முழுசாகப் பார்க்கிற ஒரே மனிதர் அவர்தான். அவர் புகைப்பதில்லை. வாங்குகிறவர்கள் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை. அவர்கள் எல்லாரும் புகைக்கிறார்கள்.

ஒரு கடைக்காரர் சொன்னது ஆய்வாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. ஆனால் ஆய்வும் இருக்கிறது. 2016-17-ல் நாடு முழுவதும் வயது வந்தோரிடையே எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், சிகரெட் குடிப்பவர்களில் 61.9 சதவீதம் பேர் பாக்கெட்டில் இருக்கும் எச்சரிக்கையைப் பார்த்து ‘விட்டுவிடலாமா’ என்று யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பீடி குடிப்பவர்களில் 53.8 சதவீதம். யோசிப்பது வேறு, விடுவது வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் யோசிக்காமல் விட்டவன் யார்?

படத்துக்கு வேலை செய்யும் சக்தி உண்டு என்பதற்கு இன்னும் பெரிய சாட்சி சிகரெட் கம்பெனிகளே. பயனில்லாத படத்தை எதிர்த்து யாராவது இத்தனை வருஷம் சண்டை போடுவார்களா? அந்தச் சண்டையின் கதையைக் கேளுங்கள்.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003-ல் வந்தது. பாக்கெட் மேல் படம் போட வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. விதிகள் 2006-ல் வந்தன. உடனே எதிர்ப்பு. மண்டை ஓடும் எலும்பும் கட்டாயம் என்று இருந்ததை 2007-ல் சட்டத்தையே திருத்தி நீக்கினார்கள். அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த காலம் அது. தேதி குறிப்பதும் தள்ளிவைப்பதுமாக இழுத்து, கடைசியில் 2009 மே 31 அன்று படம் வந்தது. எப்படி? முன்பக்கத்தில் மட்டும், 40 சதவீத இடத்தில். சிகரெட்டுக்கு மங்கலாக ஒரு நுரையீரல். மெல்லும் புகையிலைக்கு ஒரு தேள்! தேள் படத்தைப் பார்த்து எத்தனை பேர் அதைக் கம்பெனியின் மார்க் என்று நினைத்தார்களோ! அடுத்து வந்த படம் ஒன்று இங்கிலாந்து கால்பந்து வீரர் ஜான் டெர்ரி மாதிரியே இருக்கிறது என்று 2012-ல் உலகமே சிரித்தது.

2014 அக்டோபரில்தான் உருப்படியான ஓர் உத்தரவு வந்தது. இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் படம். 2015 ஏப்ரல் 1 முதல் அமல். கடைசி நேரத்தில் ஒரு நாடாளுமன்றக் குழு குறுக்கே வந்தது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லும் ஆய்வெல்லாம் வெளிநாட்டு ஆய்வு, இந்தியாவில் ஆய்வு இல்லை என்றார் குழுத் தலைவர். அந்தக் குழுவில் பீடித் தொழிலதிபர் ஒருவரே உறுப்பினர்! பாலுக்குப் பூனை காவல்.

இந்தியாவில் ஆய்வு இல்லையா? வேறெங்கும் போக வேண்டாம், நம்ம சென்னையிலும் விழுப்புரத்திலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்து எடுத்த ஆய்வு 2003-லேயே ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. காசநோயால் இறந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் காரணம் என்றது அது. புற்றுநோய் மட்டும்தான் சிகரெட்டின் வேலை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சென்னையின் சாவுக் கணக்கு லண்டன் வரைக்கும் போய் அச்சாகிவிட்டது. டெல்லிக்கு மட்டும் வந்து சேரவில்லை.

உத்தரவு தள்ளிப்போனது. புகையிலை மென்று வாய்ப் புற்றுநோய் வந்து, அரசாங்கத்தின் பிரசாரப் படத்தில் தன் சிதைந்த முகத்தையே காட்டிய சுனிதா தோமர், உத்தரவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவர் இறந்த தேதி 2015 ஏப்ரல் 1. பெரிய படம் அமலுக்கு வந்திருக்க வேண்டிய அதே நாள். வயது 28.

அடுத்த வருஷம் 2016 ஏப்ரல் 1-ல்தான் 85 சதவீதப் படம் வந்தது. பெரிய சிகரெட் கம்பெனிகள் ஆலைகளை மூடி முறுக்கிக்கொண்டன. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்துப் படத்தைக் காப்பாற்றியது. சட்டம் வந்த 2003-லிருந்து கணக்குப் போடுங்கள். பதினைந்து வருஷம்!

இத்தனை பேர் போராடி, ஒருத்தி உயிரை விடும் வரைக்கும் கெஞ்சிப் பாக்கெட் மேல் ஏற்றிய படத்தை, கோவில்பதாகைப் பெட்டிக்கடையில் இரண்டு விரலால் தோற்கடித்துவிடுகிறோம். பாக்கெட்டைத் திற, ஒன்றை உருவு, பாக்கெட்டை மூடு. முடிந்தது.

நண்பர் வீட்டுக்குப் போய் இந்தக் கதையைச் சொன்னேன். நோட்டை எடுத்தார். ‘நாப்பது வருஷம் அடிச்சேன். ஒரு பாக்கெட்கூட வாங்கினதில்ல சார்’ என்று எழுதினார். ஷிப்டுக்கு முன்னால் ஒன்று, டீக்கு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று. எல்லாமே லூஸ். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரி எழுதினார். ‘படம் இருக்குன்னு தெரியும். நின்னு பாத்ததில்ல.’

இதற்கு மேல் எனக்கு ஓர் ஆய்வும் தேவையில்லை.

படம் மட்டுமா கடையில் தங்கிவிடுகிறது? விட நினைப்பவர்கள் கூப்பிட வேண்டிய இலவச எண்ணையும் 2018 செப்டம்பரிலிருந்து பாக்கெட்டில்தான் போடுகிறார்கள். லூஸில் வாங்குகிறவருக்கு அதுவும் கிடைக்காது. அதனால் நானே இங்கே போடுகிறேன்: 1800-11-2356. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் யாருக்காவது வேண்டியிருக்கும்.

என்ன செய்யலாம்? முதல் வேலை, சிகரெட்டையும் பீடியையும் ஒன்றிரண்டாக உருவி விற்பதை நிறுத்துவது. கர்நாடகம் 2017-லும் மகாராஷ்டிரம் 2020-லும் இதற்குத் தடை போட்டன. தமிழ்நாட்டில் இதைச் செய்து, நடைமுறைக்கும் கொண்டுவர வேண்டும். தயங்குவதற்கு நமக்கு நேரமில்லை. தேசியக் கணக்கெடுப்பில் புகையிலை உபயோகிப்பவர்கள் 2009-10-ல் 34.6 சதவீதமாக இருந்து 2016-17-ல் 28.6 ஆகக் குறைந்தார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2 சதவீதம் 20 ஆகக் கூடியது. லூஸ் விற்பனைதான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாடே இறங்கும்போது நாம் ஏறுகிறோம் என்றால் யாராவது கவலைப்பட வேண்டாமா?

‘ஏழை எப்படி சார் முழு பாக்கெட் வாங்குவான்?’ என்று ஒரு கேள்வி வரும். வாங்க முடியாது. அதுதானே வேண்டும்! பத்தொன்பது வயசுப் பையன் முதல் சிகரெட்டை வாங்குவது லூஸில்தான். முழு பாக்கெட்டுக்குக் காசு புரட்ட வேண்டும் என்றால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

‘பெட்டிக்கடைக்காரர் பிழைப்பு?’ இந்தக் கேள்வி நியாயமானது. அவரைப் பிடித்து அபராதம் போடுவதோடு அதிகாரிகள் கை கழுவிவிட்டால் நானே எதிர்ப்பேன். பிஸ்கட், வாழைப்பழம், ரீசார்ஜ் என்று கடை மாறக் கால அவகாசம் கொடுக்கட்டும். ஆனால் பிழைப்பு என்ற வார்த்தையை அவரை முன்னால் நிறுத்திவிட்டு அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுவது யார் என்று பாருங்கள்.

‘சட்டம் போட்டால் நடக்குமா?’ பஸ்ஸுக்குள் தம் அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் வயசு வாசகர்களும் பார்த்திருப்பார்கள். இன்றைக்கு ஒருத்தன் பஸ்ஸில் பற்றவைத்தால் கண்டக்டர் வரைக்கும் போகாது, பயணிகளே இறக்கிவிடுவார்கள். பொது இடத்தில் புகைக்கத் தடை நாடு முழுக்க 2008 அக்டோபர் 2-ல் வந்தபோதும் எல்லாரும் சிரிக்கத்தான் செய்தார்கள். கனடா இப்போது ஒவ்வொரு சிகரெட்டின் மேலேயே எச்சரிக்கையை அச்சிட வைத்திருக்கிறது. மனசிருந்தால் உருவினாலும் எச்சரிக்கை கூடவே வரும்.

இரண்டாவது வேலை என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு. அந்தப் பையன் கையில் சிகரெட்டைச் சுற்றிக் கொடுத்தது என்ன பேப்பர்? நாம் அச்சடித்த பேப்பர்தான். பாக்கெட் போகாத வீட்டுக்கும் நாம் போகிறோம். போய் என்ன சொன்னோம்? 2004 மே மாதம் விளம்பரத் தடை வரும்வரை சிகரெட் விளம்பரக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டோம். 1996-ல் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டே சிகரெட் பெயரில்தான் நடந்தது. நாமும் அந்தப் பெயரைத் தினமும் தலைப்பில் எழுதினோம். இப்போது சிகரெட் விளம்பரம் இல்லை. ஆனால் பான் மசாலா கம்பெனிகள் ஏலக்காய் என்ற பெயரில் பெரிய பெரிய நடிகர்களை வைத்து விளம்பரம் கொடுத்தால், மறுப்பதற்கு எத்தனை டிவிக்கு, எத்தனை பேப்பருக்கு மனசு வருகிறது?

ஒருவர் நுரையீரல் புற்றுநோயில் செத்தால் ‘உடல்நலக் குறைவால் காலமானார்’ என்று எழுதுகிறோம். அவர் வாயில் சிகரெட்டோடு ஸ்டைலாக நிற்கும் பழைய ஸ்டில்லை அந்தச் செய்திக்கே படமாகப் போடுகிறோம். மே 31 புகையிலை எதிர்ப்பு தினத்தன்று ஒரு டாக்டரிடம் நாலு வரி வாங்கிப் போட்டால் வருஷக் கடமை முடிந்தது.

சினிமா தியேட்டரில் வந்த முகேஷை நாம் மிமிக்ரி செய்து சிரித்தோம். அவர் நடிகர் இல்லை. முகேஷ் ஹரானே என்ற நிஜ மனிதர், 24 வயதில் 2009-ல் செத்துப்போனவர். இதைக்கூட நாம் வாசகர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை.

பாக்கெட்டில் இருக்கும் அதே படத்தை வாரம் ஒரு முறை, உள்ளங்கை அளவுக்கு, இலவச எண்ணோடு எல்லாப் பத்திரிகைகளும் போட்டால் என்ன? காலையில் காபி குடிக்கும்போது அருவருப்பாக இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும். கோவில்பதாகையில் என் நண்பர் காபி குடிப்பதை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து அதைச் சொல்லுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்கி வரச் சொல்லாதீர்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவனிடம் விற்பது சட்டப்படி குற்றம். அவனை வாங்க அனுப்புவதற்கு உங்கள் மனச்சாட்சி என்ன பெயர் வைக்கிறதோ, எனக்குத் தெரியாது. விடவே முடியவில்லையா? நீங்களே நடந்து போங்கள். போய், உருவிக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பாக்கெட்டைக் கேட்டுக் கையில் வாங்கி, ஒரு நிமிஷம் நின்று படத்தைப் பாருங்கள்.

கிளம்பும்போது நண்பர் வாசல் வரைக்கும் வந்தார். “என்ன எழுதட்டும்?” என்று கேட்டேன். நோட்டை வாங்கி ஒரே வரி எழுதினார்.

‘அந்தப் பையன் எங்க தெருப் பையன்தான் சார்.’