கிராம சபையில் பெரியவர்களைப் பேசவிடுங்கள்

மதிப்பிற்குரிய நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் வயதைக் கேட்டால், “52 புயலில் கைப்பிள்ளை”, “77 புயலுக்கு மறுவருசம் கல்யாணம்” என்றுதான் கணக்குச் சொல்வார்கள். 1952, 1977, 2018 கஜா என மூன்றும் நவம்பரில் வந்தவை. 77 புயலில் குடும்பம் நடத்தியவர்களுக்கே இப்போது எழுபது வயதாகிறது.

என் அப்பாயி சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றியது ஒன்று. உச்சத்தில் அடிக்கும் காற்று சட்டென்று அடங்கும். மாட்டைப் பார்க்க, கூரையைப் பார்க்க ஆட்கள் வெளியே ஓடுவார்கள். “அடங்கிருச்சின்னு படி இறங்காதே, எதிர்க்காத்து இருக்கு” என்பார். வடக்கேயிருந்து அடித்த காற்று, புயலின் கண் கடந்ததும் தெற்கேயிருந்து திரும்பி அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட சுவர் அப்போதுதான் விழும். பள்ளிக்கூடம் போகாத அவர் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்.

புயலைச் சொன்ன வாயோடு வாந்திபேதியையும் சொல்வார்கள். செத்த மாடு மிதந்த குளத்துத் தண்ணீரைக் குடிக்க வேண்டியிருந்த காலம் அது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2020இல் கொரோனாவுக்கு ஒதுங்கி இருங்கள் என்றபோது, எங்கள் கிழவிகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கசப்பும் உண்டு. எந்த மாடி வீட்டுக்காரர் புயலன்று கதவைத் திறந்தார், பள்ளத்துத் தெருக்காரர்களை யார் திண்ணையோடு நிறுத்தினார் என்பதும் பெரியவர்களுக்கு மறக்கவில்லை. பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும்போது அதையும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் புயல் பாதுகாப்பு மையத்தில் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் தங்க வேண்டியிருக்கிறது.

இறந்தவர் எத்தனை, இடிந்த வீடு எத்தனை, விழுந்த தென்னை எத்தனை என்ற கணக்கு உங்கள் அலுவலகத்தில் இருக்கும். எந்த மேட்டில் தண்ணீர் ஏறவில்லை, எந்த வாய்க்கால் முதலில் உடைந்தது, கடல் நீர் புகுந்த பிறகும் எந்த ஊற்று உப்புக் கரிக்கவில்லை என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு மணி நேரத்தை இந்தப் பெரியவர்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு ஊராட்சிச் செயலர் போகட்டும். அவர்கள் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஒரு படியை உங்கள் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கு அனுப்பச் செய்யுங்கள். இந்த வருடமே உத்தரவிடுங்கள் ஐயா. அக்டோபருக்கு அடுத்த மாதம் நவம்பர்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்துக் குடிமகன் ஒருவன்