படுத்தால் தணியும் தலைவலி

"ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள், தலைவலியோ போகவில்லை." கம்பத்தில் எங்களிடம் வருவோர் பலர் இப்படிச் சொல்வதுண்டு. அவர்களிடம் நாங்கள் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எழுந்து நின்றால் வலி கூடி, படுத்தால் தணிகிறதா?

ஆம் எனில், தண்டுவட நீர்க் கசிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் இந்த நீர் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். அதைத் தாங்கும் உறை முதுகெலும்புப் பகுதியில் கிழிந்து நீர் குறைந்தால், நிற்கும்போது மூளை போதிய தாங்கலின்றிக் கீழே தாழ்கிறது. கழுத்து வலி, குமட்டல், காது இரைச்சல் ஆகியவையும் சேரலாம். பிரசவத்திற்கோ அறுவைச் சிகிச்சைக்கோ முதுகில் மயக்க ஊசி போட்ட பின்பும் இத்தகைய தலைவலி வருவதுண்டு.

சாதாரண சி.டி. ஸ்கேன் இதைப் பெரும்பாலும் காட்டாது. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் மூளை எம்.ஆர்.ஐ.யில் உறை தடித்து ஒளிர்வதும், மூளை தாழ்ந்திருப்பதும் தெரியக்கூடும். முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ., உறைக்கு வெளியே தேங்கிய நீரைக் காட்டலாம். ஆயினும் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மூளை எம்.ஆர்.ஐ.யும் இயல்பாகவே இருக்கும். நீர் நேரே சிரைக்குள் வடியும் வகை 2014இல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதைக் காண, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து எடுக்கும் மைலோகிராம் தேவைப்படுகிறது.

ஆகவே, ஸ்கேன் சீட்டில் 'தலைவலி' என்று மட்டும் எழுதி அனுப்புவது எங்களைப் போன்ற மருத்துவர்களின் குறையே என்பது எங்கள் கருத்து. எதைத் தேடுவது என்று தெரியாமல் எடுத்த படம் கசிவைத் தவறவிடக்கூடும். ஏலத்தோட்டத்துக்கு விடியலில் ஜீப் ஏறுபவர் ஒரு நாள் கூலியை விட்டு, தேனிக்கோ மதுரைக்கோ சென்று படம் எடுக்கிறார். அவரை இரண்டாம் முறை அலைய விடுவது நியாயமன்று.

தாமதத்தால் மூளையைச் சுற்றி இரத்தம் தேங்கவும் கூடும். கசிவை அடைக்காமல் அதை மட்டும் வடித்தால் மீண்டும் சேரலாம். கசிவு தெரிந்துவிட்டால் வழி உண்டு. ஓய்விலேயே சிலருக்கு ஆறும். பலருக்கு அவர்களுடைய இரத்தத்தையே உறைக்கு வெளியே செலுத்தும் சிகிச்சை உதவும். சிலருக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும்.

எழுந்த எத்தனை நிமிடத்தில் வலி வருகிறது, படுத்து எத்தனை நிமிடத்தில் தணிகிறது என்று குறித்து வாருங்கள். அதைச் சீட்டில் எழுதும்படி எங்களிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. திடீரென்று தாங்க முடியாத தலைவலியோ, நினைவுக் குழப்பமோ, கைகால் தளர்ச்சியோ வந்தால் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.